அம்மாவுக்கு வந்தது மாரடைப்பு இல்லை

போன வருஷம் ஆடி மாசம், துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைப் பிடித்தபடி கல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "பின்மண்டையில யாரோ ஓங்கி அடிச்ச மாதிரி இருக்குடி" என்றார். உடனே வாந்தி, அப்புறம் அரை மயக்கம்.

முதலில் போன மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். அதில் டி அலைகள் என்ற மேடுகள் தலைகீழாக இருந்தன, இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் டிரோபோனினும் கூடியிருந்தது. ஹார்ட் அட்டாக் என்று ஆஸ்பிரின் கொடுக்கப் போனார்கள். அத்தைதான் குறுக்கே புகுந்து, "நெஞ்சு வலின்னு அவ சொல்லவே இல்லையே, தலைவலின்னுதானே கத்துனா" என்றார். சிடி ஸ்கேனில் மூளையைச் சுற்றி ரத்தம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் அந்த ஆஸ்பிரின் உள்ளே போயிருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அன்று ராத்திரியே மூச்சுத் திணறல். மூச்சுக்குக் குழாய் போட்டபோது இளஞ்சிவப்பு நுரை வந்தது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததும் உடம்பு அட்ரினலினைக் கொட்டித் தீர்க்கும், அதில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், இதயத் தசையும் மரத்துப்போகும் என்றார் டாக்டர். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் நுனி உப்பி அசையாமல் நின்றது, மேல்பகுதி மட்டும் துடித்தது. இதற்கு ஜப்பான் மருத்துவர்கள் 1990-இல் வைத்த பெயர் டகோட்சுபோ. ஆக்டோபஸ் பிடிக்கும் ஜாடியின் பெயர் அது. அம்மாவின் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம்தான் இருந்தது.

மறுநாள் தொடை ரத்தக்குழாய் வழியாகக் காயில் என்ற மெல்லிய கம்பிச்சுருளை வைத்து வெடிப்பை அடைத்தார்கள். கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். நுரையீரலுக்கு நீரை வற்றவைக்க வேண்டும். மூளைக்கோ நீர் குறையவே கூடாது, ஏனென்றால் நாலாம் நாளிலிருந்து ரெண்டு வாரம் வரை ரத்தக்குழாய்கள் சுருங்கும் ஆபத்து. பிரஷர் இறங்கினாலும் மூளைக்கு ஆகாது, ஏற்றினால் இதயம் தாங்காது. சுருக்கத்தின் பாதிப்பைக் குறைக்க 21 நாள் கொடுக்கும் நிமோடிபின் மருந்தும் பிரஷரை இறக்கும். அதனால் 4 மணிக்கொரு முறை தரவேண்டிய 60 மில்லிகிராமைப் பாதியாக்கி, 2 மணிக்கொரு முறை கொடுத்தார்கள். சிஸ்டர் மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதுவார். அந்தச் சார்ட்டைத்தான் நான் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் வென்டிலேட்டரை எடுத்தார்கள். பதினொன்றாம் நாள் எக்கோவில் பம்பிங் 55 சதவீதம்.

போன வாரம் பல் பிடுங்கப் போன இடத்தில் பழைய ஈசிஜியைப் பார்த்துவிட்டு, "அட்டாக் எப்போம்மா வந்துச்சு?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளின் மேலேயே சிவப்பு மையில் எழுதிவிட்டேன்: மாரடைப்பு இல்லை, மூளையில் ரத்தக்கசிவு.