ஈயமே இல்லாத ஈயமும் ஒரு சிரிஞ்ச் ஊசியும்

நேற்று இரவு பதினொன்றேகாலுக்கு, செத்துக் கிடந்த கம்ப்யூட்டரிலிருந்து உயிர் வந்ததற்கு அடையாளமாக ஒரே ஒரு பீப். மூன்று வாரமாக அதற்காகத்தான் தவம் கிடந்தேன்.

பெங்களூர் அல்சூர் வீட்டில் அப்பா வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர் அது: ஜி31 மதர்போர்டு, கோர் 2 டுயோ இ7400 பிராசசர். அவருடைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு வேண்டிய பேரலல் போர்ட் இதில்தான் இருக்கிறது. அதனால் புதுசு வாங்கலாம் என்ற பேச்சு எடுபடவில்லை. சுவிட்சைத் தட்டினால் விசிறி அரைச் சுற்று சுற்றி நிற்கும், இரண்டு விநாடி கழித்துத் தானாகவே மறுபடி அரைச் சுற்று. ராம் மெமரியைத் துடைத்து மாட்டியது, சிமாஸ் கிளியர் செய்தது (போர்டின் செட்டிங்கை அழித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது) எல்லாம் முதல் நாளே ஆயிற்று. கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்தான் கோளாறு என்று முடிவு கட்டி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் புதுசு ஒன்றும் வாங்கிவிட்டேன். மாட்டினால் அதே அரைச் சுற்று! அப்புறம்தான் புத்தி வந்து, பழையதைத் தனியாக ஓடவைக்க அதன் பச்சை ஒயரையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, சுமைக்கு ஒரு ஹார்டு டிஸ்க்கை மாட்டி அளந்தேன். 12 வோல்ட் ஒயரில் 11.9, 5 வோல்ட் வரவேண்டிய ஊதா ஒயரில் 5.05. ஐந்து சதவீதம் முன்பின் போகலாம் என்பது கணக்கு. பழையது நிரபராதி. புதுசு பெட்டியோடு பரணில், அப்பாவுக்குத் தெரியாது.

போர்டைச் சாய்த்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பிராசசர் சாக்கெட் ஓரம் கரண்டைச் சேமித்துச் சீராக்கும் 6.3 வோல்ட், 1500 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் ஐந்து. இரண்டின் தலை உப்பியிருந்தது. மூன்றாவது பார்வைக்குச் சமர்த்து, அடியில் மட்டும் பழுப்புக் கறை. கழற்றி அளந்தால் 1500க்குப் பதில் 210. ஐந்தையும் மாற்றிவிடுவது என்று முடிவு.

கழற்றுவதில்தான் என் உயிர் போனது. நெகட்டிவ் கால் போர்டுக்குள் இருக்கும் செப்புத் தகட்டோடு சேர்ந்திருக்கிறது. கொடுக்கிற சூட்டையெல்லாம் அது குடித்துவிடும். 25 வாட் சால்டரிங் அயர்ன் வைத்துப் பத்து நிமிடம் நின்றேன், ஒன்றும் அசையவில்லை. போதாததற்கு, கம்பெனிக்காரர்கள் பற்றவைக்கப் போடுவது ஈயமே இல்லாத ஈயம் (சால்டரைத்தான் நாம் ஈயம் என்கிறோம்). அது உருகவே 217 டிகிரி ஆகும். நம் 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 183 டிகிரியிலேயே இளகிவிடும். நம்முடையதைத் தாராளமாக மேலே உருக்கிக் கலந்தேன். தங்கையின் ஹேர் டிரையரால் அடிப்பக்கத்தை ஐந்து நிமிடம் சூடாக்கி, 60 வாட் அயர்னை ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து ஆட்டினால், ஆடுகிற பால்பல் மாதிரி வந்தது.

கால் வந்தாலும் ஓட்டை அடைத்தே கிடந்தது. உருகிய ஈயத்தை இழுக்கும் சக்கர் மேலே இருப்பதை மட்டும் உறிஞ்சும். நடுவில் ஈயம் கல்லாக நிற்கும். மருந்துக் கடையில் வாங்கிய சிரிஞ்ச் ஊசிதான் கை கொடுத்தது. எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது. ஒரு பக்கம் அயர்ன், மறு பக்கம் ஊசி, மெதுவாகத் திருகினால் வெளிச்சம் தெரியும். ஒரே ஓட்டைக்கு நாற்பது நிமிடம் எடுத்ததை இங்கே பெருமையாகவே எழுதுகிறேன். பிளஸ் மைனஸ் பக்கத்தை முன்பே போனில் படம் எடுத்து வைத்தேன். போர்டில் கெப்பாசிட்டர் வட்டத்துக்குள் நிழலடித்த பாதி எல்லாக் கம்பெனிக்கும் மைனஸ் அல்ல.

கெப்பாசிட்டர் வாங்கியது தனிக் கதை. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சை லைன் மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடை. லோ ஈஎஸ்ஆர் (உள்தடை குறைவானது), 105 டிகிரி தாங்குவது, 8 மில்லிமீட்டர் விட்டம் என்று கேட்டால் முதல் மூன்று கடையிலும் சாதா சரக்கை நீட்டி, "அதே வேலைதான் சார்" என்றார்கள். சந்துக்குள் ஒரு தமிழ்ப் பெரியவர் மட்டும், "தம்பி, கையில தூக்கிப் பாரு. கனம் இல்லேன்னா உள்ளே சின்னதை வெச்சு மேலே பெரிய டப்பா மாட்டியிருக்கான்" என்று சொல்லிக் கொடுத்தார். ஐந்து கேட்ட நான் இருபது வாங்கி வந்தேன். ஐந்தை மாட்டியதும்தான் அந்த பீப்.

மீதியைப் பார்த்ததும் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் பிரிக்கலாமா என்று கை அரிக்கிறது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதன் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும் என்பதால், முதலில் ஒரு ஈஎஸ்ஆர் மீட்டர் செய்துவிட்டு, அப்புறம் அது.

பீப் வந்ததே தவிர வேலை முடியவில்லை. ஹார்டு டிஸ்க் இன்னும் மாட்டவில்லை, தேதியைக் காக்கும் 3 வோல்ட் சிமாஸ் செல் 2.4 வோல்ட்டில் முனகுகிறது, தேதி பழைய வருஷத்தைக் காட்டுகிறது. அப்பா எட்டிப் பார்த்து, "சரி, பிரிண்ட் எப்போ வரும்?" என்றார். பிரிண்டரைத் திறந்தேன். ரிப்பன் காய்ந்து கருவாடாகக் கிடக்கிறது.