கருவண்டுக்கு மூங்கில் வீடு: பேஷன் ஃப்ரூட் காய் பிடித்துவிட்டது

மாடியில் இருக்கும் மஞ்சள் பேஷன் ஃப்ரூட் கொடியில் இந்த முறை கையால் மகரந்தம் சேர்க்கும் பிரஷ்ஷைத் தொடவே இல்லை. ஆனாலும் கொத்துக்கொத்தாகக் காய். எல்லாம் பந்தலில் கட்டிய மூங்கிலில் குடிவந்த கருவண்டின் (மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கருப்புத் தேனீ வகை) வேலை. மஞ்சள் ரகத்துக்குத் தன் மகரந்தம் சேராது என்பதால் விதையில் வந்த இரண்டு கொடிகளை வைத்திருக்கிறேன். தேனீக்கள் மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போகும், சூல்முடியை, அதாவது மகரந்தம் சேர வேண்டிய பெண் உறுப்பின் நுனியைத் தொடாது. அதன் உடம்பு அவ்வளவு சின்னது. கருவண்டோ தேனுக்குத் தலையை நீட்டும்போதே முதுகெல்லாம் மஞ்சளைப் பூசிக்கொண்டு அடுத்த பூவில் உரசுகிறது. பூ மதியம்தான் விரியும், வண்டும் அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடுகிறது.

மூங்கில் விஷயத்தில்தான் உயிரை விட்டேன். ஏணிக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கல்மூங்கில், உள்ளே துளையே இருக்காது. பந்தல்காரர் ஒருவரிடம் நன்றாகக் காய்ந்த பழைய கழிகள் கிடைத்தன. பூச்சிமருந்தில் முக்கியது வேண்டவே வேண்டாம். பச்சை மூங்கிலும் ஆகாது, காயக் காய வெடிக்கும். விரிசலில் மழைநீர் இறங்கினால் உள்ளே பூஞ்சைதான். சுண்டுவிரல் தாராளமாக நுழையும் துளை வேண்டும். ஒரு பக்கம் கணு மூடியிருக்க, மறுபக்கம் ஹேக்சா பிளேடால் மெதுவாக அறுக்க வேண்டும். மரம் அறுக்கும் ரம்பம் நாரைப் பிய்த்துவிடும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, வாய் கொஞ்சம் கீழே சாய, ஆடாமல் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள்.

இப்போது ஒரு மூங்கில் குழாயின் அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது. உள்ளே மகரந்த உருண்டை வைத்து முட்டையிட்டு, மரத்தூளாலேயே அறை அறையாகத் தடுத்துக்கொண்டிருக்கும். எட்டிப் பார்த்தால் பின்பக்கத்தைக் காட்டி வாசலை அடைத்துவிடுகிறது, என்ன கெட்டிக்காரத்தனம்! பக்கத்து வீட்டு அக்கா பயப்படுகிறார். ஆணுக்குக் கொடுக்கே கிடையாது அக்கா, பெண்ணும் கையில் பிடித்தால்தான் கொட்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஜன்னல் சட்டத்துக்குப் பெயின்ட் அடித்துவிட்டால் அந்தப் பக்கம் போவதும் குறையும்.

குஞ்சுகள் வெளிவரும் வரை குழாயைத் தொடப்போவதில்லை. அதற்குள் பந்தல் ஓரம் கிலுகிலுப்பை விதைக்க வேண்டும், அந்தப் பூ என்றால் இதற்கு உயிர். கத்தரித் தொட்டிகளையும் இங்கேயே நகர்த்தப் போகிறேன். கத்தரியின் மகரந்தப்பையில் நுனித்துளை மட்டும்தான் உண்டு. இந்த வண்டு பூவைக் கவ்விக்கொண்டு அதிரவைத்தால் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். இந்த முறை கத்தரியும் நிறையக் காய்க்கும் பாருங்கள்.