இருபது பட்டை

மார்ச் 2
மாரிஸ் மைனர், பழைய பிரிட்டிஷ் கார், 1098 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் ஒற்றை எஸ்யூ கார்பரேட்டர். ஜெட் என்பது பெட்ரோல் வரும் குழாய், அதன் நட்டை இறக்கினால் பெட்ரோல் கூடும். நட்டை முட்டும்வரை மேலே ஏற்றி, பட்டை பட்டையாக எண்ணிக்கொண்டே இறக்கினேன். பட்டை என்பது நட்டின் ஒரு தட்டைப் பக்கம், 6 பட்டை ஒரு சுற்று. 12 பட்டையில் கிட்டத்தட்ட சரியாகிவிட வேண்டும். 20 வரை இறக்கிய பிறகுதான் ஐடில் (மிதிக்காதபோது ஓடும் வேகம்) அணையாமல் நிலைக்கிறது. இது நியாயமே இல்லை.

மார்ச் 3
மற்றதெல்லாம் சரியாகும்வரை நட்டைத் தொடக் கூடாது. குளிர்ந்த இன்ஜினில் இடைவெளிகள்: டேப்பட் (வால்வு) 0.30 மி.மீ., பொறிக்கான மின்சாரத்தை வெட்டும் பாயிண்ட் 0.38, பிளக் 0.64. ஒரு வால்வு மட்டும் இறுக்கமாக இருந்தது, தளர்த்தினேன். கலவைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. பொறி தவறும் சிலிண்டர் பெட்ரோலை எரிக்காமலே வெளியே தள்ளும். வாசனையை நம்பி ரிச் (பெட்ரோல் அதிகம்) என்று முடிவுகட்டி நட்டை ஏற்றினால் அன்றைய வேலை முழுக்க வீண்.

மார்ச் 4
இன்னமும் 20.

மார்ச் 6
கார்பரேட்டரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையின் மூடியை, ஃப்ளோட் மூடியை, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். நெம்புக்கும் மூடி விளிம்புக்கும் நடுவே 3.2 மி.மீ. டிரில் பிட் கச்சிதமாக நுழைகிறது. மட்டம் தாழ்ந்திருந்தால் ஜெட்டை இறக்கத்தான் வேண்டும். ஆனால் தாழவில்லை. ஜெட்டுக்குள் இறங்கும் நீடிலின் தோள் கார்பரேட்டர் பிஸ்டனின் அடியோடு சமமாக இருக்கிறது. பிஸ்டனைத் தூக்கி விட்டால் தடையில்லாமல் விழுந்து 'டக்' என்கிறது. அந்தச் சத்தம் வராவிட்டால் ஜெட் மையம் தவறி நீடிலை உரசுகிறது என்று பொருள்.

மார்ச் 7
பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனாலோ என்று ஒரு சந்தேகம். பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று, எத்தனாலுக்கு 9. 10 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 14.1. வித்தியாசம் 4 சதவீதம்தான். 12-க்கு மேல் கூடிய 8 பட்டைக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது.

மார்ச் 9
கார்பரேட்டர் பிஸ்டனைத் தூக்கிக் கலவையைச் சோதிக்கும் ஊசியை மறுபடி அழுத்தினேன். முதலில் அதன் ஆட்டம் தீர வேண்டும், பிறகு பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் உயர்த்த வேண்டும். வேகம் ஏறி அங்கேயே நின்றால் ரிச். உடனே விழுந்தால் லீன் (பெட்ரோல் குறைவு). ஒரு கணம் லேசாக ஏறி அடங்கினால் சரி. 20 பட்டையில் ஏறி அடங்குகிறது, 19 வைத்தால் விழுகிறது. ஊசியை நம்பினால் கலவை சரி.

பிளக்கைக் கழற்றினால் நான்கிலும் கரி. விரலில் ஒட்டும் கறுப்பு, உலர்ந்த கரி, சரியான கலவைக்குரிய பிஸ்கட் நிறத்தின் சாயலே இல்லை. ஐடிலில் லீன், ஓட்டத்தில் ரிச். ஒரே நீடில், ஒரே ஜெட், இரண்டு எதிரெதிர் சாட்சிகள். இரவெல்லாம் இதே யோசனை.

ஐடிலில் மட்டும் எங்கிருந்தோ காற்று நுழைகிறது. த்ராட்டில் (காற்றுவழியைத் திறந்து மூடும் தகடு) மூடியிருக்கும்போது, இன்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டில் உறிஞ்சல் பலமாக இருக்கும். ஜெட்டைத் தாண்டிய இடத்தில் சின்னச் சந்து இருந்தால் போதும், அளக்கப்படாத காற்று உள்ளே போகும். த்ராட்டில் திறந்ததும் உறிஞ்சல் குறைந்து கசிவும் அற்பமாகிவிடும். ஆனால் கசிவை ஈடுகட்ட இறக்கிய ஜெட் இறங்கியபடியே இருக்கும். கரி அங்கிருந்துதான் வருகிறது.

மார்ச் 10
த்ராட்டில் தண்டின் இரு முனையிலும் கார்பரேட்டர் கிளீனரை ஒரு சொட்டுபோலத் தெளித்தேன். இந்த இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நேர் கீழே இருக்கிறது, சூடேறுவதற்குள் முடித்துவிட வேண்டும், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் வேண்டும். இடது முனையில் தெளித்ததும் இன்ஜின் வேகம் எகிறியது. தண்டை விரலால் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் கண்ணுக்கே தெரிகிறது. இத்தனை நாளும் அங்கே விரல் வைத்துப் பார்க்கவே இல்லை!

மார்ச் 14
புதுத் தண்டு இன்னும் வரவில்லை.

மார்ச் 21
தண்டு உட்காரும் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. தண்டை மட்டும் மாற்றினால் பாதிக் கசிவு மிஞ்சும். துளையைப் பெரிதாக்கி வெண்கல புஷ் (உள்வளையம்) இறக்கியாயிற்று. வட்டத் தகட்டை மூடிய நிலையில் நடுவே உட்காரவைத்து, பிறகே திருகுகளை இறுக்கினேன். திருகுகளின் பிளந்த முனைகளை விரித்துவிட மறக்கக் கூடாது. கழன்றால் திருகு நேரே சிலிண்டருக்குள்தான் போகும்.

மார்ச் 22
நட் மீண்டும் மேலே, 12 பட்டை கீழே. ஊசியை அழுத்தினால் வேகம் விழுந்தது. 13. ஜெட் நட்டோடு ஒட்டியிருக்கிறதா என்று அடியிலிருந்து தள்ளிப் பார்த்துவிட்டு அழுத்தினேன். லேசாக ஏறி, அடங்கியது. மூன்று முறையும் அதே. 13!

பிஸ்டன் அசைவைத் தணிக்கும் டாஷ்பாட்டில் எஸ்ஏஇ 20 எண்ணெய் ஊற்றி, சோக் கேபிளில் 1.5 மி.மீ. தளர்வு விட்டாயிற்று. 20 கி.மீ. ஓடியது, மிதித்ததும் இழுக்கிறது, தயக்கம் இல்லை. பிளக்கைக் கழற்ற வேண்டும். இன்ஜின் ஆறட்டும்.