பாட்டியின் மூக்குத்தி எந்தப் பக்கம்?

சிறுவர் கதை வீடியோக்களுக்கு ஸ்டோரிபோர்டு, அதாவது ஷாட் ஷாட்டாகக் காட்சிகளை முன்கூட்டியே வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. கதை மாறும், ஆட்கள் மாற மாட்டார்கள். ஒரு பாட்டி, பேரன், பேத்தி, வாசலில் ஒரு நாய், எப்போதாவது தலைகாட்டும் பால்காரர். எட்டாவது கதையை அனுப்பிய மறுநாள் காலையில் வீடியோ எடுப்பவர்களிடமிருந்து போன் வந்தது. "சார், பாட்டிக்கு மூக்குத்தி பக்கம் மாறிடுச்சே, பார்த்தீங்களா?"

பார்த்தேன். மூக்குத்தி மட்டுமா மாறியிருந்தது? சேலையின் பச்சையே வேறு பச்சை. மூன்றாவது கதையில் பாட்டியின் இடுப்பளவு இருந்த பேரன் இதில் தோள் வரை வளர்ந்து நிற்கிறான்.

நான் வரைவது ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில், அதற்குள் கையால் வரைய உதவும் கிரீஸ் பென்சிலில். வீட்டை 3டியில் ஒரு தடவை கட்டி வைத்துவிட்டால், கேமராவை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தி அங்கேயே கையால் வரையலாம். இலவசம் என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன். புதுக் கதை தொடங்கும்போதெல்லாம், கடைசியாக முடித்த கதையின் ஃபைலிலிருந்து ஆட்களை அப்பெண்ட் செய்து கொண்டுவருவேன். அப்பெண்ட் என்றால் நகல். அந்த நகலில் ஒரு சின்ன திருத்தம் செய்வேன், அடுத்த கதைக்கு அதிலிருந்து இன்னொரு நகல். ஜெராக்ஸிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த கதைதான். எட்டாவது ஃபைலின் மெட்டீரியல் (நிறங்கள்) பட்டியலைத் திறந்தால் சேலை_பச்சை, சேலை_பச்சை.001, .002, .003 என்று வரிசையாக நிற்கின்றன. இரவுக் காட்சிக்காக எப்போதோ .002-ஐக் கொஞ்சம் இருட்டாக்கியிருக்கிறேன். அதற்குப் பிறகு பகலிலும் பாட்டி அதையே கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மூக்குத்திக்குக் காரணம் வேறு. பாட்டி இடது பக்கம் திரும்ப வேண்டிய ஷாட்டில், எக்ஸ் அச்சின் ஸ்கேலை -1 ஆக்கிப் படத்தைத் திருப்பிப்போட்டிருந்தேன். ஆள் திரும்பினார், மூக்குத்தியும் கூடவே திரும்பியது. முந்தானையும்தான். அதை அவர்கள் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு சனி, ஞாயிறு இதற்கே போனது. எல்லா ஃபைல்களையும் திறந்து எண்ணினால் மொத்தம் 11 பாட்டிகள். இதில் யார் அசல்? போன் செய்து கேட்டேன். "முதல் கதையில எப்படி இருக்காங்களோ அப்படியே வச்சிடுங்க சார்" என்றார்கள். முதல் கதையில் பாட்டிக்கு மூக்குத்தியே இல்லை. சரி என்று நானே வலது பக்கம் என முடிவு செய்து, புதிதாக ஒரு பாட்டியை வரைந்தேன்.

கதைகளின் ஃபோல்டர்களுக்குப் பக்கத்திலேயே 'ஆட்கள்' என்று ஒரு ஃபோல்டர். ஆளுக்கு ஒரு ஃபைல், ஃபைலுக்குள் அந்த ஆளின் படங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரே கலெக்‌ஷன். அதில் வலது கிளிக் செய்து திரும்பத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தும் பொருள் என்று குறிக்க 'மார்க் ஆஸ் அசெட்' கொடுத்தேன். பிறகு ப்ரிஃபரன்ஸில் ஃபைல் பாத்ஸ் பகுதிக்குப் போய் அந்த ஃபோல்டரை அசெட் லைப்ரரியாகச் சேர்த்தேன். அவ்வளவுதான், எந்தக் கதையைத் திறந்தாலும் அசெட் பிரவுசரில் எல்லோரும் வந்து நிற்கிறார்கள். அசெட் பிரவுசர் 2021 கடைசியில் வந்த 3.0 பதிப்பிலிருந்தே இருக்கிறது, கலெக்‌ஷனையும் அசெட் ஆக்கும் வசதி 3.2-இல் வந்தது. நான்தான் அது 3டிக்காரர்கள் சமாசாரம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

உள்ளே என்ன வைப்பது என்பதில்தான் அதிக நேரம் போனது. உட்கார்வது, நடப்பது, கோலம் போடுவது என்று ஆரம்பத்தில் கிட்டத்தட்ட 20 நிலைகள் வரைந்து வைத்தேன். ஒன்றுகூடப் பயன்படவில்லை. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமரா வேறு, அவசரம் வேறு. தயாராக இருக்கும் உடம்பை ஒட்டினால் போர்டு ஸ்டிக்கர் புத்தகம் மாதிரி ஆகிவிடுகிறது. இப்போது இருப்பவை முன், பின், முக்கால், இரு பக்கவாட்டுத் தோற்றங்கள், ஆறு முகபாவங்கள், நிறங்கள். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியாகவே வரைந்தேன், திருப்பிப்போடும் வேலையே கிடையாது. எல்லோரும் வரிசையாக நிற்கும் உயர அட்டவணை தனி ஃபைல். பேரன் இனி வளர முடியாது.

அப்புறம், அப்பெண்டை விட்டு லிங்குக்கு மாறினேன். லிங்க் என்றால் நகல் எடுக்காமல் அசல் ஃபைலில் இருப்பதையே காட்டுவது. லிங்க் செய்த ஆளின் மேல் கோடு இழுக்க முடியாது. கலெக்‌ஷனுக்குள் இருப்பதை நகர்த்தவே லைப்ரரி ஓவர்ரைடு, அதாவது அசலைத் தொடாமல் இந்த ஃபைலில் மட்டும் மாற்றும் அனுமதி, போட வேண்டும். கை அசைவு வேண்டுமென்றால் மேலே தனி கிரீஸ் பென்சில் ஆப்ஜெக்ட் வைத்து வரைகிறேன். இது தொல்லையாகத் தெரிந்தாலும் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. நள்ளிரவில் என் கை சும்மா இருக்காது.

லிங்கிலும் ஒரு அடி வாங்கினேன். ஒன்பதாவது கதையிலிருந்து பாட்டிக்கு அரக்கு நிறச் சேலை என்றார்கள். அசல் ஃபைலில் மாற்றினேன், எல்லா ஷாட்டிலும் மாறியது, ஒரே சந்தோஷம். இரண்டு வாரம் கழித்து, என்றோ முடித்துக் கொடுத்த ஐந்தாவது கதையில் ஒரு ஷாட்டைத் திருத்தக் கேட்டார்கள். அந்தக் கதைக்கும் புதுப் பாட்டியை லிங்க் செய்து வைத்திருந்தேன். திறந்து திருத்தி அனுப்பினேன். நடுவில் அந்த ஒரு ஷாட்டில் மட்டும் பாட்டி அரக்குச் சேலையில் இருக்கிறார்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கங்கள். வேலை நடக்கும்வரை லிங்க். கடைசி பில் போனதும் ஒரு பிரதி எடுத்து, அதில் லிங்கை அறுத்துச் சொந்த நகலாக்கும் 'மேக் லோக்கல்' கொடுத்து உறைய வைத்துவிடுகிறேன். தோற்றம் மாறினால் அசலைத் தொடாமல் புது ஃபைல்: பாட்டி_பச்சை, பாட்டி_அரக்கு. 'ஃபைனல்', 'புதுசு' என்றெல்லாம் பெயர் வைப்பதில்லை. எது ஃபைனல் என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு உதவிக்கு வரும் தம்பிக்கு ஹார்டு டிஸ்கில் காப்பி கொடுத்தபோது, "அண்ணா, வீடு இருக்கு, ஆளுங்க யாரையும் காணோம்" என்றான். கதை ஃபோல்டரை மட்டும் கொடுத்திருக்கிறேன், 'ஆட்கள்' என்னிடமே இருக்கிறது. அதையும் கொடுத்தேன். என் கணினியின் முழு முகவரியிலேயே லிங்க் ஆகியிருந்ததால் அப்போதும் வரவில்லை. ஃபைலில் இருப்பவற்றைப் பட்டியலிடும் அவுட்லைனரை ப்ளெண்டர் ஃபைல் பார்வைக்கு மாற்றி, ஒவ்வொரு லைப்ரரிக்கும் புது இடத்தைக் காட்டி ரீலொகேட் செய்தான். இப்போது கொடுப்பதற்கு முன் எக்ஸ்டர்னல் டேட்டாவில் பாதைகளை ரிலேட்டிவ் (கதை ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடுவது) ஆக்கிவிட்டு, இரண்டு ஃபோல்டரையும் சேர்த்தே கொடுக்கிறேன். ப்ளெண்டர் ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஆட்களை வகை பிரித்து அடுக்கும் கேட்டலாக் விவரம் இருக்கும் சின்ன டெக்ஸ்ட் ஃபைல் விட்டுப்போகும். ஆட்கள் வருவார்கள், ஆனால் எல்லோரும் 'அன்அசைன்ட்' என்ற ஒரே குவியலில் கிடப்பார்கள்.

பதிப்பிலும் கவனம் வேண்டும். 2024 நவம்பரில் வந்த 4.3-இல் கிரீஸ் பென்சிலையே புதிதாக எழுதிவிட்டார்கள். பழைய படங்களை அது மாற்றிக்கொள்ளும், ஆனால் அதில் சேமித்ததைப் பழைய பதிப்புக்குத் திரும்பக் கொண்டுபோக முடியாது. அதனால் ஓடிக்கொண்டிருந்த கதைகளை 4.2-இலேயே முடித்துவிட்டு, 'ஆட்கள்' ஃபோல்டருக்கு ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத்தான் புதியதில் திறந்தோம்.

பால்காரரை இன்னும் லைப்ரரிக்குள் கொண்டுவரவில்லை. கதைக்கு ஒரு ஷாட் வருவார், அதையும் ஒவ்வொரு முறையும் புதிதாகவே வரைந்துகொள்கிறேன். கேன் மட்டும் எல்லாக் கதையிலும் அதே கேன்தான்.