முதுகுவலிப் படிவத்தில் எட்டாவது கேள்வி

முதுகுவலியோடு வருகிறவர்களிடம் நாங்கள் நிரப்பச் சொல்லும் படிவத்துக்கு ஆஸ்வெஸ்ட்ரி என்று பெயர். 1980இல் இங்கிலாந்தில் வந்தது, பிசியோதெரபி படித்த யாருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்க வரும். பத்துக் கேள்விகள். வலி எவ்வளவு, குளிக்க உடுத்த முடிகிறதா, எடை தூக்க, நடக்க, உட்கார, நிற்க, தூங்க முடிகிறதா, எட்டாவதாகத் தாம்பத்திய உறவை வலி எவ்வளவு தடுக்கிறது, அப்புறம் வெளியே போய்ப் பழகுவது, பயணம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண்.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில். வருகிற பெண்களில் பெரும்பாலும் பனியன் கம்பெனியில் தையல், செக்கிங், பேக்கிங் பார்க்கிறவர்கள். ஏழுவரை டிக் அடித்துவிட்டு நேராக ஒன்பதுக்குத் தாவுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேட்டு எழுதுகிற உதவியாளரும் எட்டை வாயால் சொல்வதில்லை. தொல்லையே வேண்டாமென்று அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு வீட்டுவேலை, உத்தியோகம் பற்றிய கேள்வியைப் போட்ட இன்னொரு வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான பரிமாற்றம் கிடைக்காது போங்கள்!

ஒரு கேள்வி விட்டுப்போனால் 50க்குப் பதில் 45க்குக் கணக்குப் போடலாம் என்று விதி இருப்பதால் யாருக்கும் உறுத்துவதில்லை. ஆனால் போட்டுப் பாருங்கள்: ஒரு பெண் ஒன்பது கேள்விக்கு 18 வாங்குகிறார், 45க்கு 18 என்றால் 40 சதவீதம், நடுத்தர பாதிப்பு. எட்டாவதுக்கு உண்மையைச் சொல்லி 5 விழுந்திருந்தால் 50க்கு 23, அதாவது 46 சதவீதம், கடும் பாதிப்பு. கோப்பில் அவர் நடுத்தரமாகவே இருப்பார்.

ஓவர்லாக் மிஷினில் வேலை பார்க்கும் ஒருவர், டிஸ்க் பிரச்சினை, வந்து சில வாரமாயிருக்கும். நடை நன்றாகத் தேறியது. ஆனாலும் வலி குறையவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் ஹாட் பேக்கில் படுத்திருந்த நேரத்தில், வெளியே ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து வந்து, காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க மேடம், நாங்க ஒண்ணா இருக்கறதுல அவிங்களுக்கு ஏதாச்சும் ஆயிருமுங்களா?" ஆகாது என்றேன். எப்படிப் படுத்தால் முதுகு மடங்காது, ஒருக்களித்துப் படுப்பது, முட்டிக்கடியில் தலையணை, எல்லாம் அவர்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அந்தம்மா முகத்தை நிமிர்த்தவே இல்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை. கணவர் பயந்துபோய்த் தள்ளிப் படுத்திருக்கிறார், இவரோ தன்மேல் வெறுப்பு வந்துவிட்டதாக நினைத்திருக்கிறார். டிஸ்க்குக்கு எடுக்கிற எந்த ஸ்கேனும் இதைக் காட்டாது.

உடம்பு செய்வதையும் சொல்லவேண்டும். வலி வரும் என்று தெரிந்த இடத்தை உடம்பு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இடுப்பில் நாள்பட்ட வலி இருப்பவர்களுக்கு அடித்தளத் தசைகளும், அதாவது சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்குகிற தசைகளும், சேர்ந்து இறுகிவிடலாம். இறுகிய தசையோடு உறவு கொண்டால் வலிக்கும், வலித்தால் அடுத்தமுறை இன்னும் இறுகும். இதற்கு யூடியூப் பார்த்து, அந்தத் தசைகளைச் சுருக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சி செய்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வரும். கீகல் தளர்ந்த தசைக்கானது. இறுகிப்போன தசையை மேலும் சுருக்கச் சொன்னால் வலி கூடத்தான் செய்யும். இவர்களுக்கு முதலில் தேவை தளர்த்தப் பழகுவது, வயிறு உப்பி மெதுவாக மூச்சுவிடுவதிலிருந்து தொடங்கி.

உறவின்போது வலி எங்கே என்று கேட்பதிலும் நிறைய தெரியும். நுழையும்போதே வலித்தால் வறட்சி, தசை இறுக்கம், தோல் பிரச்சினை, தொற்று என்று யோசிப்போம். ஆழத்தில் வலித்து, மாதவிலக்கிலும் வலியில் உயிர் போனால் எண்டோமெட்ரியோசிஸாக, அதாவது கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வதாக இருக்கலாம், மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பவேண்டும். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. கண்டுபிடிக்க வருஷக்கணக்காகிறது. உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டாலும் மகப்பேறு மருத்துவர்தான். முதுகுவலியோடு தொடை இடுக்கும் பிறப்புறுப்பும் மரத்துப்போய்ச் சிறுநீர் தெரியாமல் போவதோ போகாமல் நிற்பதோ இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. வால்நரம்புக் கற்றை, அதாவது தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புகள், நசுங்கிக்கொண்டிருக்கலாம், நாள் தள்ளினால் உணர்வு திரும்பாமலே போகலாம். எட்டாவது கேள்வியைக் கூச்சம் என்று தள்ளுகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

மாத்திரை தனிக் கதை. நாள்பட்ட வலிக்குக் கொடுக்கும் டுலோக்செடின் சிலருக்கு ஆசையைக் குறைத்துவிடும், உச்சத்தைத் தள்ளிப்போடும். அமிட்ரிப்டிலின் ராத்திரி போட்டால் தூக்கத்தில் ஆளை அசத்திவிடும். அப்படிப்பட்ட பெண் காரணம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவார், வலி திரும்பும், மருந்து கேட்கவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். ஒரு வார்த்தை சொன்னால் மருந்தை மாற்றவோ நேரத்தை மாற்றவோ வழி இருக்கிறது. தானாக நிறுத்தத்தான் கூடாது.

நேரம் என்றதும் முடக்குவாதம் நினைவுக்கு வருகிறது. காலையில் விரல்கள் மடங்காது, மதியத்துக்குமேல் கொஞ்சம் இளகும், வெந்நீரில் குளித்தால் இன்னும் நன்றாக இருக்கும். நம் வீடுகளில் கிடைக்கிற நேரமோ, பாத்திரம் கழுவி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, பிள்ளைகள் தூங்கினபிறகு, உடம்பு அன்றைக்கு மிச்சம் வைத்திருப்பது எதுவுமில்லாத நேரம். ஒற்றை அறை வீட்டில் இருப்பவரிடம் மதியம் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது? சொல்கிறேன், ஷிப்ட் விட்டு ஞாயிறு மதியம் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புகிற அளவுக்குச் சிலர் ஏற்பாடு செய்துகொள்கிறார்கள். வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் போடுகிறவர்களிடம், ஆணுறை போடுவதானால் எண்ணெய் வேண்டாம், ரப்பர் கிழியும், மெடிக்கலில் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் கேளுங்கள் என்பேன்.

புதிதாக வரும் ஆண் பிசியோதெரபிஸ்டுகள், நாங்கள் எப்படி மேடம் கேட்பது என்கிறார்கள். பெண் உதவியாளர் அறையில் இருக்கட்டும். தூக்கத்தைப் பற்றிக் கேட்ட கையோடு, "இந்த வலியால நிறையப் பேருக்கு உறவுலயும் சிரமம் இருக்கும், உங்களுக்கு எப்படிங்க?" என்று படிவத்தைப் பார்த்தபடியே கேளுங்கள், கண்ணை முறைத்துக் கேட்காதீர்கள். பதில் வராவிட்டால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள், சிலர் மூன்றாவது நாலாவது தடவை வரும்போது கரண்ட் வைத்துக்கொண்டிருக்கையில் தானாக ஆரம்பிப்பார்கள். அப்போது மிஷினை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துங்கள், அடுத்த பேஷண்ட் கொஞ்சநேரம் காத்திருக்கட்டும்.