எம்பிஏ விண்ணப்பமும் தன்னார்வப் பணியும்: நான் தப்பாகத் தொடங்கிய கதை

முதல் முறை விண்ணப்பித்தபோது என் ரெசுமேயின் அடியில் ஐந்து தன்னார்வப் பணிகள் வரிசையாக நின்றன. மரம் நட்டது, ரத்ததான முகாம், கடற்கரை சுத்தம் செய்தது, ஒரு மாரத்தானில் தண்ணீர் கொடுத்தது, அப்புறம் இன்னொன்று. அது இப்போது நினைவுக்கே வரவில்லை. மாதிரி நேர்காணல் எடுத்த சீனியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அன்றைக்கு நீ போகாமல் இருந்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?" யோசித்துப் பார்த்தேன். சில தண்ணீர் டம்ளர்கள் குறைந்திருக்கும்.

அந்த வருடம் எங்கும் இடம் கிடைக்கவில்லை. தன்னார்வப் பணியால்தான் என்று சொல்ல மாட்டேன், எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் மதிப்பெண்ணும் சுமார்தான்.

அடுத்த முறை ஒரே இடம் என்று முடிவு செய்தேன். பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்த நண்பனுக்குப் பார்வை கிடையாது. அதனால் பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதித் தரும் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். முதல் சில மாதங்கள் எழுதியது மட்டும்தான். மாணவர் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், தப்பென்று தெரிந்தாலும் வாய் திறக்கக் கூடாது. ஒரு கணக்கில் கழிக்க வேண்டிய இடத்தில் அவர் கூட்டச் சொன்னார். என் பேனா ஒரு நொடி நின்றுவிட்டது. அப்படி நிற்பதும் ஒரு வகையில் விடை சொல்லிக் கொடுப்பதுதான் என்று ஒருங்கிணைப்பாளர் அக்கா பிறகு கண்டித்தார்.

அந்த அக்காவின் நோட்டில்தான் எனக்கான வேலை இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் அடித்த பெயர்கள். எல்லாம் முந்தைய இரவு "நாளைக்கு வர முடியாது" என்றவர்கள். நான் கிடங்கில் சரக்கு அனுப்புவதைத் திட்டமிடுகிறவன். கையிருப்பு இல்லாமல் லாரியைக் கிளப்ப மாட்டோம். அதே போல ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு மாற்று ஆள், முந்தைய நாள் மாலையே உறுதி செய்யும் ஒரு குறுஞ்செய்தி. சொல்ல எளிது. ஆனால் யாரும் மாற்று ஆளாக இருக்கத் தயாரில்லை. "லீவு போட்டுவிட்டு வீட்டில் சும்மா உட்காரவா?" என்று ஒருவர் சண்டையே போட்டார். சம்பளம் வாங்காதவரிடம் அதிகாரம் செய்ய முடியுமா? இந்த முறை காத்திருந்தவருக்கு அடுத்த முறை தேதியைத் தேர்ந்தெடுக்க முதல் உரிமை என்று பேசிப் பேசித்தான் வழிக்கு வந்தது.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது இந்த இழுபறியைத்தான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு அண்மை ஆண்டுகளில் விண்ணப்பத்தில் வைத்த, பதில் கட்டாயமில்லாத கேள்வியே, வேலையிலோ வெளியிலோ நீங்கள் உண்டாக்கிய நல்ல மாற்றம் என்ன, அது ஏன் முக்கியம் என்பதுதான். மரம் நட்ட படத்தை வைத்து அதற்குப் பதில் எழுத முடியாது.

காலமும் முக்கியம். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் விண்ணப்பிக்கும் முதல் சுற்று செப்டம்பரில், இரண்டாவது ஜனவரியில் முடியும். பல படிவங்கள் தொடங்கிய மாதத்தையும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் கேட்கும். ஜூலையில் தொடங்கியது ஜூலை என்றே தெரியும். மணி நேரத்தைக் கூட்டிப் போடாதீர்கள். இடம் கிடைத்த பிறகு விவரங்களைச் சரிபார்க்கும் கல்லூரிகள் உண்டு. தொடங்கத் தாமதமாகிவிட்டதா? புதிதாக ஓர் அமைப்பைத் தேடி ஓடுவதைவிட, அலுவலகத்தில் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது போல ஏற்கெனவே செய்துவருவதில் ஒரு படி மேலே போவது மேல். 'தலைவர்' பட்டத்துக்காக நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து அறக்கட்டளை தொடங்குவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இரண்டாவது முறை நேர்காணல் வந்தது. தேர்வு எழுதித் தரும் குழுவைப் பற்றி ஒரே கேள்விதான்: நீங்கள் படிக்க வந்துவிட்டால் அந்தப் பட்டியலை யார் பார்ப்பார்கள்? மாற்று ஆளாக இருக்க மாட்டேன் என்று சண்டை போட்டவர்தான் மூன்று மாதமாகப் பார்க்கிறார் என்றேன்.