பேஸ்மென்ட் அடுப்பு

“கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்?” என்று கேட்டார் வந்தவர். “எதை?” என்று கேட்டேன் நான்.

அவர் பதில் சொல்லவில்லை. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் பக்கவாட்டு இடுக்கில் கையை விட்டு ஃபில்டரை உருவி, பேஸ்மென்ட் பல்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். போன நவராத்திரிக்கும் முந்தின நவராத்திரிக்கு வெள்ளை வெளேரென்று வாங்கி மாட்டியது அது. இப்போது அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி வளர்ந்திருந்தது. தலைமுடி, மெத்தைப் பஞ்சு, ஊதுபத்திக் கரி, மிளகாய்வற்றல் தாளித்த கமறல் என்று பதினைந்து மாசக் குடித்தனம் மொத்தமும் அதில் ஒட்டியிருந்தது. பல்பு வெளிச்சம் ஒரு பொட்டுகூட இந்தப் பக்கம் வரவில்லை. வீட்டுக்கு வந்த சம்பந்தி பரணில் விரலை வைத்து இழுத்துப் பார்த்த மாதிரி எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

ஜனவரி கடைசி. வெளியே மைனஸ் 31, வீட்டுக்குள் 13. நான் ஸ்வெட்டர், அதற்குமேல் ஜாக்கெட், அதற்குமேல் அப்பாவின் பழைய சால்வை. கனடாவில் இந்தக் கால்கரிக்கு வந்து நாலு வருஷம், இந்த வீட்டுக்கு வந்து இரண்டு. பத்து நாள் முன்னால்தான் பொங்கல் கூட்டத்தில் புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணிடம், “பயப்படாதீங்க, பழகிடும். எனக்கெல்லாம் இப்ப ஊர் ஞாபகமே வர்றதில்ல” என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

எங்கள் ஊர் செங்கோட்டை. எங்கள் தாத்தா பிறந்தது திருவிதாங்கூரில். வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே 1956 நவம்பர் 1ஆம் தேதி சென்னை மாநிலத்துக்குக் குடிவந்துவிட்டார். ராஜ்ஜியம் மாறினதே தவிர, அவர் அடுப்பு மாறவில்லை. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, இரண்டு பெட்டியோடு விமானம் ஏற வேண்டியிருந்தது.

அடுப்பு என்று சொன்னேன். எங்கள் வீட்டில் இருந்தது தூள் அடுப்பு. பிரானூர் பார்டரில் வரிசையாக மர அறுவை மில்கள். அப்பா அதில் ஒன்றில் கணக்குப் பார்த்தார். சம்பளத்தோடு சாக்குச் சாக்காக மரத்தூளும் வீட்டுக்கு வந்துவிடும். ஒரு தகர டின், அடியில் பக்கவாட்டில் ஓர் ஓட்டை. டின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு கட்டையை அந்தப் பாட்டில் வரைக்கும் செருகி, சுற்றிலும் தூளைப் போட்டு உலக்கையின் பின்பக்கத்தால் இடித்து இறுக்குவாள் அம்மா. அப்புறம் கட்டையை உருவி, பாட்டிலைத் திருகித் திருகி மேலே எடுப்பாள். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் பக்கத்தில் நடக்கக்கூடாது. நடந்தால் தூள் பொலபொலவென்று சரிந்துவிடும், திரும்ப முதலிலிருந்து இடிக்க வேண்டும். அடி ஓட்டையில் காகிதத்தைக் கொளுத்திச் செருகினால், நடுக்குழி பற்றி இரண்டு மூன்று மணி நேரம் தன்பாட்டுக்கு எரியும். பற்றுவதற்கு அடம்பிடித்தால் ஊதாங்குழல்.

சாரல் காலத்தில்தான் சங்கடம். ஆனியில் கணவாய் வழியாகக் காற்று கிளம்பிவிட்டால் குற்றாலத்துக்காரர்களுக்குக் கொண்டாட்டம், எங்களுக்குத் தூள் நமுத்துவிடும். நமுத்த தூள் வீடு முழுக்கப் புகையும். துணி காயாது. கட்டிலுக்கடியில் கரிச்சட்டி வைத்து மேலே ஈரத்துணியைப் பரப்புவோம். அப்பா மட்டும் ஒரு சன்னல் கதவைத் திறந்துவைக்காமல் படுக்க மாட்டார். சாரல் உள்ளே அடிக்கிறதே என்று அம்மா திட்டினாலும் சரி.

அந்த வீட்டுப் பெண், ஃபர்னஸ் என்றால் என்னவென்றே தெரியாமல் இந்த ஊருக்கு வந்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இந்த வீட்டுக்கு வந்த முதல் அக்டோபரில், பேஸ்மென்ட்டில் பெட்டிக்குள் போகும் கேஸ் குழாயில் ஒரு வால்வு இருப்பதைப் பார்த்தேன். படுக்கப்போகும் முன் சிலிண்டரை மூடணும் என்று பிறந்ததிலிருந்து காதில் ஓதப்பட்டவள். கர்மசிரத்தையாக வால்வைக் குறுக்கே திருப்பிவிட்டுப் போய்ப் படுத்தேன். விடிகாலையில் வீடு ஐஸ்பெட்டி. இவர் தெர்மோஸ்டாட்டை 20, 22, 25 என்று ஏற்றிக்கொண்டே போகிறார். நான் பக்கத்தில் நின்று, “கம்பெனிக்காரனுக்கு ஃபோன் பண்ணுங்க” என்று அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தேன். விஷயம் வெளிப்பட்டபின் ஒரு மாசம் வீட்டில் எனக்கு ‘சிலிண்டர்’ என்றுதான் பெயர்.

ஆனால் இந்த ஜனவரியில் குற்றம் என்மேல் இல்லை என்றுதான் நினைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கீழேயிருந்து ஒரு சத்தம். ஹூம் என்று ஒரு விசிறி சுற்றுகிறது. கொஞ்ச நேரத்தில் புஸ் என்று தீ பற்றுகிறது. நாலைந்து விநாடி. டக் என்று அணைகிறது. மறுபடி ஹூம், புஸ், டக். மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி பேசாமல் உட்கார்ந்துவிட்டது. கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்த்தால் உள்ளே ஒரு சின்னச் சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டிருந்தது. அத்தனை தடவை அடித்தால் இன்ன கோளாறு என்று ஒரு கணக்காம். அந்த அகராதி பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. கதவைத் திறக்கும் தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

காலையில் வந்தவர்தான் திறந்தார். விளக்கு கண்ணடிப்பதை எண்ணினார். ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி, சுண்டுவிரல் நீளத்தில் வளைந்த ஒரு கம்பியை எடுத்துக் காட்டினார். ஃபிளேம் சென்சார். தீ எரிகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. தீக்குள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். தீயின் வழியாக மைக்ரோ ஆம்பியர் கணக்கில் துளி மின்சாரம் போகும். போனால்தான் தீ இருக்கிறது என்று அர்த்தம். கம்பிமேல் மெல்லிசாகப் படலம் கட்டிவிட்டால் மின்சாரம் போகாது. கண்ணெதிரே தீ எரிந்தாலும் பெட்டி நம்பாது, கேஸை மூடிவிடும். தீக்குள் மின்சாரம் ஓடும் என்று எனக்கு முப்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

அவர் பையிலிருந்து ஸ்டீல் உல் கொஞ்சம் பிய்த்தெடுத்தார். கம்பியை நாலு இழுப்பு இழுத்தார். துடைத்தார். மாட்டினார். ஹூம், புஸ். அணையவில்லை. முக்கால் நிமிஷத்தில் பெரிய விசிறி கிளம்பி, மேலே கூடத்தில் வெதுவெதுவென்று காற்று வந்தது.

பில் 240 டாலர்.

இங்கேதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அவசர அழைப்பு, குளிர்காலம், ஆள் கூலி என்று நியாயமெல்லாம் இவர் சொன்னார். சரி, எல்லாம் சரி. ஆனால் நாலு இழுப்பு! டாலருக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் 14,400. ஓர் இழுப்பு 3,600 ரூபாய். எங்கள் அம்மா ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் தேங்காய்நாரும் சாம்பலும் வைத்துத் தூள் அடுப்பில் ஏறிய பாத்திரங்களின் கரியைத் தேய்த்தாளே, அதற்கு இந்த ஊர் ரேட்டில் கணக்குப் போட்டால் பிரானூர் மில்கள் அத்தனையையும் வாங்கியிருக்கலாம். ஸ்டீல் உல் மாதிரியான நார் எங்கள் வீட்டில் சிங்க்குக்கு அடியிலேயே கிடக்கிறது, தோசைக்கல் தேய்ப்பதற்கு. இரண்டு மாதம் யார் வீட்டுக்குப் போனாலும் இந்த 240ஐச் சொல்லிவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்கினேன்.

வந்தவர்மேல் கோபமில்லை. பில்லை நீட்டும்போது சாமி ஷெல்ஃபைப் பார்த்துவிட்டு, “சேச்சி நாட்டில எவிடயா?” என்றார். செங்கோட்டை என்றதும் முகமே மாறிவிட்டது. அவருக்குப் புனலூர். மலைக்கு அந்தப் பக்கம், ரயிலில் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. சின்ன வயசில் குற்றாலத்துக்கு வரும்போதெல்லாம் பார்டரில் இறங்கி ரொட்டி சாப்பிடாமல் போனதில்லையாம். எந்தக் கடை, எந்தச் சால்னா என்று நாங்கள் இருவரும் தமிழும் மலையாளமுமாகப் பேசிக்கொண்டு நின்றதில், இவர் காபி போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பில் மட்டும் குறையவில்லை. அது கம்பெனி விஷயம்.

போகும்போது அவர் சொல்லிவிட்டுப் போனது இன்னும் ஒன்று. தீ நீலமாக, ஒழுங்காக எரிய வேண்டும். மஞ்சளாக நாக்கை நீட்டினால் உடனே கூப்பிடுங்கள். உள்ளே சூடேறும் தகடு விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்காற்றில் கலந்துவிடும். கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், மணம் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். இதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுக்கையறைப் பக்கம் இருக்கும் அலாரம்தான் மூக்கு. அவர் சொல்லச் சொல்ல, அப்பா திறந்துவைக்கிற அந்த ஒரு சன்னல் கதவு ஞாபகத்துக்கு வந்தது. அவருக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது. கரிச்சட்டி வைத்த அறையை மூடக்கூடாது, அவ்வளவுதான் தெரியும். இங்கே ஜனவரியில் எந்தச் சன்னலைத் திறப்பது?

அன்றிலிருந்து அம்மா ஃபோனில் சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டாள். “ஏட்டி, அடுப்பு எரியுதா?” அதுதான் முதல் கேள்வி. ஒருநாள் வீடியோவில் வீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளைக் குழாய்களைக் காட்டினேன். ஒன்று காற்றை இழுக்க, ஒன்று புகை போக.

“பிளாஸ்டிக்லயா புகை போவுது? உருகிராது?”

“உருகாதும்மா. புகையில இருக்கிற சூட்டையெல்லாம் மிஷினே உறிஞ்சிக்கும். ஆவி தண்ணியா மாறிச் சொட்டிரும். மிச்சந்தான் வெளிய வரும்.”

அம்மா கொஞ்சம் யோசித்தாள். “அப்ப புகைக்கும் கஞ்சத்தனமா” என்றாள்.

அந்தக் குழாய் வாயைப் பனி மூடிவிட்டால் அடுப்பு நின்றுவிடும். பனி கொட்டினால் வாசலைச் சுரண்டுவதற்கு முன்னால் நான் போவது அங்கேதான். மார்ச்சுக்குள் மற்றதையும் கற்றுக்கொண்டேன். முதலில் ஸ்விட்சை அணைக்க வேண்டும். ஃபில்டரில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது ஃபர்னஸைப் பார்க்க வேண்டும். நாங்கள் அதைக்கூடத் திருப்பித்தான் போட்டிருந்தோம். விலை கூடியதுதான் நல்லது என்று நெருக்கமான நெசவில் வாங்கினதும் தப்பு, மூச்சு முட்டி மிஷின் சூடேறிவிடுமாம். சொட்டுத் தண்ணீர் போகும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெருப்பு மூட்டும் இக்னைட்டரை மட்டும் விரலால் தொடவே கூடாது. கேஸ் அழுத்தம், தகடு விரிசல் இதெல்லாம் நம் வேலை இல்லை. அதற்கு வருஷம் ஒருமுறை ஆள் வரட்டும், காசு வாங்கட்டும்.

ஃபில்டரை இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பெரிய சுத்தத்துக்கு மட்டும் நாள் குறித்துவிட்டேன்: ஆயுத பூஜை. கணக்காக அமைந்துவிட்டது, அதற்கு அடுத்துத்தான் இங்கே குளிர் இறங்கும். ஊரில் அன்றைக்கு மில்லில் ரம்பத்தைக் கழுவித் துடைத்துச் சந்தனம் தெளிப்பார்கள். பட்டறை முழுக்க மரவாசனையும் பொரி கடலையும். அன்று ஒருநாள்தான் அந்த ரம்பம் சத்தம் போடாது. அந்த அமைதியில் பூசணிக்காய் உடைகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

இந்த வருஷம் ஃபில்டரை மாற்றி, பெட்டியைச் சுற்றித் தூசியை உறிஞ்சி, முன்கதவைத் துடைத்து, மூன்று கோடு சந்தனமும் நடுவில் குங்குமமும் வைத்தேன். கால்மணி நேரத்தில் சந்தனம் காய்ந்து வெடித்துவிட்டது, அத்தனை வறட்சி. பையன் தன் சைக்கிளைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினான். பூசணிக்காய்க்குப் பஞ்சமில்லை, ஹாலோவீனுக்குக் குவித்திருந்தார்கள். பேஸ்மென்ட் தரையில் உடைக்கக்கூடாது என்று இவர் தடை போட்டதால் எலுமிச்சம்பழத்தோடு முடித்துக்கொண்டோம்.

அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“நம்ம தூள் அடுப்புக்கும் ஒரு பொட்டு வைம்மா. கொல்லையிலதான கிடக்கு?”

“அதை ஆடியிலயே பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டாச்சேட்டி. துருப்பிடிச்சு அடி போயிருச்சு.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதற்குள் பின்னால் ஹூம் என்று விசிறி கிளம்பியது. புஸ் என்று தீ பற்றியது. என்னையறியாமல் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. அணையவில்லை.

“எவ்வளவு குடுத்தான்?” என்று கேட்டேன்.

“முப்பது ரூவா” என்றாள் அம்மா. “இருபதுதான்னான். பேசி முப்பது வாங்கினேன்.”